பூட்டாத ஓர் அறை

லஸ் சர்ச் சாலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாலை ஆறு மணிக்கு நடைப்பயிற்சிக் கூட்டம் சுற்றிச் சுற்றி வரும். அந்தச் சந்தடிக்கு நடுவே மரத்தடி பெஞ்சில் இரண்டு பையன்கள். ஒருவன் சி.ஏ. ஃபைனல் எழுதப் போகிறவன். மற்றவன் இன்டரில் ஒரு குரூப்பை முடித்துவிட்டு அடுத்ததில் மாட்டிக்கொண்டு தவிப்பவன். "அண்ணா, ஜி.எஸ்.டி.ல இதுக்கு ஏன் இன்புட் கிரெடிட் வராது?" என்று இளையவன் கேட்டான். மூத்தவன் உற்சாகமாக ஆரம்பித்துப் பாதியில் நின்றுவிட்டான். தனக்கே அது சரியாகப் பிடிபடவில்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "நாளைக்குப் பாத்துட்டு வந்து சொல்றேன்டா" என்றான்.

ஆடிட்டா, வரியா என்று ஒரு வருடமாகக் குழம்பிக் கிடந்தவன் அந்த மூத்தவன். "இவனுக்குச் சொல்லிக் கொடுக்கறப்பதான் சார், டாக்ஸ் எனக்கு அலுக்கவே அலுக்காதுன்னு தெரிஞ்சுது" என்றான் என்னிடம்.

கூடப் படிப்பவனுக்கு உதவுவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உதவி பெற்றவனின் கதையைத்தான் சொல்கிறோம். என் கண்ணில் படுவது உதவியவன். தனியாகப் படிக்கும்போது, தெரியாத இடத்தைத் தெரிந்த மாதிரித் தாண்டிப் போய்விடலாம். எதிரில் ஒருவன் உட்கார்ந்து "ஏன்?" என்று கேட்டால் அது முடியாது. எந்தப் பாடத்தில் அந்த "ஏன்" எரிச்சலூட்டவில்லையோ, பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் அவன் போகவேண்டிய திசை.

இதற்குப் பெரிய சாட்சி இதே சாலையில் இருக்கிறது. ஏகாம்ர நிவாஸ், பிரபல வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் வீடு. அவருடைய மகன், இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன், பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு இருந்துவிட்டு 1958-இல் திரும்பினார். அங்கே பார்த்த கருத்தரங்குச் சூழல் சென்னையில் இல்லையே என்ற ஏக்கம் அவருக்கு. கட்டடத்துக்காகவும் நிதிக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. வீட்டிலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கிவிட்டார். ஆய்வு மாணவர்கள் வந்து கேட்டார்கள், அவர்களும் பேசினார்கள். சக மாணவர்கள் முன்னால் நின்று ஒரு புதிய ஆய்வுக் கட்டுரையை விளக்குவது லேசான காரியமல்ல. பேராசிரியரிடம் கேட்கத் தயங்கும் கேள்வியைக்கூட நண்பன் கூசாமல் கேட்டுவிடுவான்.

1960-இல் சென்னை வந்த இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அந்த மாணவர்களைச் சந்தித்தார். அவர் மனம் திறந்து பாராட்டியது பத்திரிகைகளில் வந்தது; விஷயம் பிரதமர் நேரு வரை போனது. மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் துணை நின்றார். 1962 ஜனவரி 3-ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியபோது விழாவுக்கு வந்தவர் எஸ். சந்திரசேகர், மயிலாப்பூரில் வளர்ந்து விண்ணியற்பியலில் உலகப் புகழ் பெற்றவர். இன்று தரமணியில் இருக்கும் அந்த நிறுவனத்துக்கு விதை, ஒரு வீட்டின் கூடத்தில் கூடிப் பேசிய மாணவர் கூட்டம்தான்.

அந்தக் கூட்டத்திலிருந்த ஏ.பி. பாலச்சந்திரன் பின்னாளில் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். தய்யூர் கே. ராதா 1965-இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்துக்குப் போனார். இயற்பியல் படிக்கும் பெண்களே அரிதாக இருந்த காலம் அது! பெரியவர்களின் பேச்சைக் கேட்டு அந்த வீட்டிலேயே வளர்ந்த ராமகிருஷ்ணனின் மகன் கிருஷ்ணசாமி அல்லாடி எண் கோட்பாட்டில் பெயர் பெற்று, 1997-இல் 'தி ராமானுஜன் ஜர்னல்' என்ற ஆய்விதழைத் தொடங்கினார். திறமை அவர்களுடையதுதான். ஆனால் அதைக் கண்டுகொள்ள அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது.

"போட்டி உலகத்தில் பக்கத்து சீட்காரனுக்குச் சொல்லிக் கொடுத்தால் நம் பிள்ளை பின்தங்கிவிடாதா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. ரேங்க் பார்த்து இடம் ஒதுக்கும் தேர்வுகளில் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். சி.ஏ.வில் அந்த நியாயமும் கிடையாது. ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் மொத்தம் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. நண்பன் பாஸானால் உன் இடம் பறிபோகாது.

என் கவலை வேறு. சேர்ந்து உட்கார இந்தப் பிள்ளைகளுக்கு இடம் எங்கே? மயிலாப்பூரின் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகிவிட்டன. கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். நான்கு பேர் படிக்கட்டில் உட்கார்ந்தால் வாட்ச்மேன் வந்து, எந்த ஃபிளாட் என்று விசாரிக்கிறார். அடையாறு காபிக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு பையனின் ஆர்ட்டிகிள்ஷிப் ஸ்டைபண்ட் தாங்காது. நூலகத்தில் பேசக் கூடாது. பேசாமல் எப்படிச் சொல்லிக் கொடுப்பது? தி.நகரில் 'மென்டர்ஷிப்' என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு நடக்கிறது. அங்கே கேட்பவனும் சொல்பவனும் ஒருநாளும் இடம் மாறுவதில்லை. ஐஐடி போன்ற வளாகங்களில் மூத்த மாணவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டும் ஏற்பாடு இருக்கிறது, விடுதியும் இருக்கிறது. தினமும் வீட்டிலிருந்து 29சி பஸ் பிடித்துப் போய்வரும் மாணவிக்கு அந்த வசதி ஏது?

வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்பார்கள். அதில் விடை வரும். சொல்லிக் கொடுப்பவன் பாதியில் திணறி நிற்கும் அந்தக் கணம் வராது. எனக்கு அதுதான் முக்கியம்.

இந்தப் பகுதியிலேயே எத்தனை கல்லூரிகள்! அங்கெல்லாம் விளக்கு, மின்விசிறி, கரும்பலகையோடு வகுப்பறைகள் இருக்கின்றன. வகுப்பு முடிந்ததும் பூட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தரைத்தளத்தில் ஓர் அறையை மட்டும் இரவு எட்டரை வரை திறந்து வைக்கட்டும். வருகைப் பதிவும் வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். சாக்பீஸ் பெட்டி ஒன்று போதும். சாவியை மாணவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.