காம்பி பாய்லர், வெதுவெதுப்புத் தண்ணீர், ஒரு தப்பான முடிவு

போன ஜனவரியில் லண்டன் வீட்டில் எங்களுக்குச் சுடுதண்ணீர் பிரச்சினை வந்தது. அறையெல்லாம் ரேடியேட்டர் நன்றாகக் கொதிக்கிறது, ஆனால் குழாயைத் திறந்தால் கை கழுவுகிற சூடுகூட இல்லை. சில நாள் சரியாக வரும், சில நாள் வராது. நவம்பரில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டே வந்து, "என்னடா, கீசர் போட மறந்துட்டியா?" என்று கேட்டாங்க.

இங்கே கீசர் இல்லை. அதைத்தான் முதலில் விளக்க வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும். நம்மூர்க் கீசரில் பதினைந்து, இருபத்தைந்து லிட்டர் தண்ணீரை ஒரு தொட்டியில் காய்ச்சி வைத்திருப்போம். காம்பி பாய்லரில் தொட்டியே கிடையாது. குழாயைத் திறந்த பிறகுதான் தண்ணீர் காய ஆரம்பிக்கும். உள்ளே வருகிற பச்சைத் தண்ணீர் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றும்; நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் ஓட்டம் வந்தால் பாய்லர் கேஸ் பற்றவைத்துக்கொள்ளும். அப்போது டைவர்ட்டர் வால்வு என்ற ஒரு வால்வு, ரேடியேட்டர் பக்கம் போய்க்கொண்டிருந்த கொதிநீரைத் திருப்பி, பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற தகட்டு அடுக்குக்குள் விடும். தகட்டின் ஒரு பக்கம் பாய்லரின் கொதிநீர், மறுபக்கம் நம் குழாய்த் தண்ணீர். இரண்டும் கலக்காது, சூடு மட்டும் கைமாறும்.

தொட்டி இல்லாததால் ஒரு கணக்கு எப்போதும் நம்மைத் துரத்தும். எங்கள் பாய்லர் 24 கிலோவாட். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். 35 டிகிரி ஏற்ற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 9.8 லிட்டர்தான் முடியும், அதற்கு மேல் அந்த இயந்திரத்தால் ஆகாது. கோடையில் உள்ளே வரும் தண்ணீரே 17, 18 டிகிரி இருக்கும். ஜனவரியில் 7 டிகிரி. அதனால் "குளிர்காலத்துல மட்டும் சூடு பத்தலை" என்பவர்களுக்குப் பாய்லரில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். குழாயைக் கொஞ்சம் மூடிப் பாருங்க. ஓட்டம் குறைந்ததும் சூடு ஏறினால் அது கணக்கு, பழுது இல்லை.

நானும் மூடிப் பார்த்தேன். சூடு ஏறவில்லை, இன்னும் மோசமானது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். கால் மணி நேரம் பார்த்தார். பாய்லருக்குப் பதினோரு வயது, லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், பிளேட் அடைத்துவிட்டது, இந்த வயதில் பாகம் மாற்றுவது வீண், புதுசு போட்டுவிடுங்கள் என்றார். 2,600 பவுண்டு. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அவர் சொன்னது அபத்தம் இல்லை. அதைத்தான் இங்கே முதலில் சந்தேகிப்பார்கள். லண்டன் தண்ணீர் சுண்ணக்கல் பாறை வழியாக வருவது. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். சுண்ணாம்பு மற்ற உப்புகள் மாதிரி இல்லை, தண்ணீர் சூடாக ஆக அது கரையாமல் வெளியே வந்து படியும். அதனால் பாய்லரில் குழாய்த் தண்ணீர் சூடாகும் இடமான அந்தத் தகடுகளில்தான் முதலில் ஒட்டும். மறுபக்கம் ரேடியேட்டர் துருவினால் வரும் கறுப்புச் சேறும் அடைக்கும். எந்தப் பக்கம் அடைத்தாலும் சூடு கைமாறாது. கொதிநீர் தன் சூட்டை இறக்கிவைக்க முடியாமல் திரும்பி வந்து மேலும் கொதிக்கும், பாய்லர் பயந்துபோய் கேஸை நிறுத்தும், ஆறியதும் மறுபடி பற்றவைக்கும். குழாயில் நமக்குச் சூடு, குளிர், சூடு, குளிர் என்று அலை மாதிரி வரும். எங்கள் வீட்டில் அலை இல்லை. ஒரே சீராக வெதுவெதுப்பு.

டைவர்ட்டர் வால்வு சிக்கிக்கொண்டால் வேறு மாதிரி தெரியும். ஹீட்டிங்கை அணைத்துவிட்டுச் சுடுதண்ணீரைத் திறக்கும்போது ரேடியேட்டர் சூடானால், கொதிநீர் இரண்டு பக்கமும் பிரிகிறது என்று அர்த்தம். காற்றாடி போய்விட்டால் குழாய் திறந்ததே பாய்லருக்குத் தெரியாது, பற்றவே பற்றாது. அழுத்த முள் 1 பாருக்குக் கீழே போயிருந்தாலோ, கடுங்குளிரில் வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் உறைந்திருந்தாலோ பாய்லரே முரண்டு பிடிக்கும், ஹீட்டிங்கும் சேர்ந்து நிற்கும். (உறைந்த குழாயின் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கும்.) எங்களுக்கு இதில் எதுவும் பொருந்தவில்லை.

அன்று ராத்திரி நான் விஞ்ஞானி ஆனேன். சமையலறையில் சுடுதண்ணீரை முழுசாகத் திறந்து, ஒரு லிட்டர் அளவுக் குவளையைப் பிடித்தேன். நிறைய 7 நொடி, அதாவது நிமிடத்துக்கு 8.6 லிட்டர். இறைச்சிக்குப் பயன்படுத்துகிற தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 27 டிகிரி. பச்சைத் தண்ணீர் 7. ஆக 20 டிகிரிதான் ஏறியிருக்கிறது. கணக்குப் போட்டால் 12 கிலோவாட். 24 கிலோவாட் இயந்திரம் சரியாகப் பாதி வேலைதான் செய்கிறது! வந்தவர் சொன்னது சரிதான், பிளேட் பாதி அடைத்திருக்கிறது என்று மனைவியிடம் காகிதத்தைக் காட்டினேன். எண்களெல்லாம் சரி. முடிவுதான் தப்பு.

அதைக் கண்டுபிடித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். இரண்டாவது விலை கேட்கலாமே என்று நண்பர் வழியாகக் கூப்பிட்டிருந்தேன். கேஸ் சேஃப் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிரிட்டனில் கேஸ் வேலை செய்ய அந்தப் பதிவு கட்டாயம். 2009இல் கோர்கி போய் இது வந்தது. அட்டையின் பின்பக்கம் அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்று இருக்கும், திருப்பிப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டாம். பாய்லரின் மூடியை நாமாகக் கழற்றவும் கூடாது. பல பாய்லர்களில் அந்த மூடியே புகை அறைக்குள் வராமல் தடுக்கும் அடைப்பின் ஒரு பகுதி.

அவரும் மூடியைக் கழற்றவில்லை. சமையலறைக் குழாயை என்னைத் திறக்கச் சொல்லிவிட்டு, பாய்லரின் அடியில் வரிசையாக இறங்கும் ஐந்து குழாய்களில் ஒன்றைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணை, பொயிலர் நல்லாத்தான் வேலை செய்யுது. இதில கை வைக்கேலாத சூடு. அங்க ஏன் பச்சையா வருது?"

பாய்லரின் திரையிலும் 55 என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாகக் காட்டிக்கொண்டிருந்தது! திரைக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பிறகு பாய்லருக்குள் போகும் பச்சைத் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடினார். "இப்ப சுடுதண்ணியைத் திறவுங்கோ." உள்ளே போக வழி இல்லை, ஆக வெளியே வரவும் கூடாது. மேல்மாடிக் குழாய்களில் தங்கியதெல்லாம் வடிய ஒரு நிமிடம் விட்டோம். தண்ணீர் நிற்கவே இல்லை. ஜில்லென்று, நல்ல வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. வீட்டில் எங்கோ பச்சைத் தண்ணீர்க் குழாயும் சுடுதண்ணீர்க் குழாயும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன.

"வீட்டில கழுவுற ஸ்பிரே கிடக்கோ?"

கிடந்தது. அம்மா வருகிறார் என்று நவம்பரில் நான்தான் கழிவறையில் ஹெல்த் ஃபாசெட் மாட்டச் சொன்னேன். இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் வேண்டாமே என்று, சுடுதண்ணீர் லைனையும் சேர்த்து ஒரு மிக்சர் வைத்து, அதிலிருந்து ஸ்பிரே. கையிலிருக்கும் விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடும். நின்றுவிட்டதே, அப்புறம் சுவரில் இருக்கும் மிக்சரை எதற்கு மூட வேண்டும்? அம்மா மூடவில்லை. மூட வேண்டுமென்று நானும் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

மிக்சர் நடுவில் திறந்து கிடக்க, ஸ்பிரே மூடியிருந்தால், மிக்சரின் வயிற்றுக்குள் இரண்டு லைனும் கூடிக்கிடக்கும். சுடுதண்ணீர் பாய்லரின் குறுகலான தகடுகள் வழியாக நெருக்கியடித்து வர வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சமையலறையில் சுடுதண்ணீரைத் திறந்தால் பச்சைத் தண்ணீர் மிக்சர் வழியாகக் குறுக்கு வழியில் சுடுதண்ணீர் லைனுக்குள் புகுந்துவிடும். என் எண்களையே மறுபடி போட்டுப் பார்த்தேன்: பாய்லர் வழியாக 55 டிகிரியில் 3.6 லிட்டர், மிக்சர் வழியாக 7 டிகிரியில் 5 லிட்டர், கலந்தால் 27 டிகிரி. பாய்லருக்கு 12 கிலோவாட் வேலைதான் இருந்தது, அதை ஒழுங்காகச் செய்தது. பாதி அடைத்த பாய்லருக்கும் இதற்கும் குழாய்முனையில் அளந்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. பாய்லரை விட்டு வெளியேறும் இடத்தில் தொட்டால்தான் தெரியும்.

குழாயைச் சிறிதாகத் திறந்தபோது மோசமானதும் இதனால்தான். பாய்லர் வழியாக ஓட்டம் இரண்டு லிட்டருக்குக் கீழே போனதும் அது அணைந்துவிட்டது. இன்னொரு தடயமும் இருந்தது. பச்சைத் தண்ணீரைத் திறந்தாலோ ஃபிளஷ் செய்தாலோ பாய்லர் திடீரென்று உறுமிவிட்டு அடங்கும். அப்போது ஓட்டம் எதிர்ப்பக்கம், பாய்லர் வழியாக மிக்சருக்குப் போய் அங்கிருந்து பச்சை லைனுக்கு. பழைய இயந்திரம், அதன் சுபாவம் என்று விட்டுவிட்டேன். சில நாள் சரியாக வந்தது எப்படி என்று கேட்டால், அந்த நாட்களில் கடைசியாக உள்ளே போய்வந்தவர் என் மனைவி. அவருக்கு எதையும் மூடிவிட்டு வருகிற பழக்கம்.

அவர் மிக்சரை மூடினார், பாய்லர் வால்வைத் திறந்தார், சமையலறையில் ஆவி பறந்தது. நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் கலப்பது நிற்கும்தானே என்று கேட்டேன். கலப்பது நிற்கும், ஆனால் கழிவறை ஸ்பிரேயை மெயின் தண்ணீரில் நேரடியாக மாட்டுவதே இங்கே விதிப்படி தப்பு என்றார். குழாய் அழுத்தம் விழுந்தால் அழுக்குத் தண்ணீர் குடிநீருக்குள் பின்னோக்கி இழுபட்டுவிடும். தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மாட்டியவர் எனக்கு அதைச் சொல்லவில்லை. எண்பது பவுண்டு வாங்கிக்கொண்டு, ஸ்பிரேயையும் கழற்றி, இரண்டு லைனையும் அடைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "நான் அப்பவே ஒரு பிளாஸ்டிக் மக் போதும்னுதானே சொன்னேன்" என்றாங்க. மறுநாள் ஒரு பவுண்டுக்கு ஒன்று வாங்கி வந்தேன், நீல நிறம்.