பந்தியில் பிறந்த உபதேசம்

இயேசு சிலுவையில் மரித்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகியிருக்கும். அந்தியோகியா நகரத்துச் சபையில் யூதர்களும் யூதரல்லாதவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர் இன்று துருக்கியில் இருக்கிறது. பேதுருவும் அந்தப் பந்தியில்தான் இருந்தார். எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபின் ஆட்கள் சிலர் வந்து சேர்ந்ததும் அவர் விலகிக்கொண்டார். விருத்தசேதனம் செய்துகொள்ளாதவர்களோடு கை நனைத்ததற்கு அவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் ஒதுங்கினார்கள். பவுலோடு ஊர் ஊராக அலைந்து பாடுபட்ட பர்னபாகூட ஒதுங்கினார். பவுலுக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் இருக்கும்போதே பேதுருவை முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டார்.

கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுலே இதைச் சொல்கிறார். சொன்ன கையோடு, கடவுள் ஒருவரை நீதிமானாக ஏற்பது அவர் கைக்கொள்ளும் சட்டத்தைப் பார்த்தல்ல, அவர் கிறிஸ்துவை நம்புவதால்தான் என்கிறார். உலகத்தையே இரண்டாக்கிய ஓர் உபதேசம் எழுத்தில் வந்த இடம் இது: யார் யாரோடு சாப்பிடலாம் என்ற வழக்கு.

எங்கள் லுத்தரன் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுப்பவள் நான். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகள் வருவார்கள். 'விசுவாசத்தினால் மட்டுமே நீதிமானாக்கப்படுதல்' என்ற பாடம் வந்தால் பாடம் நடத்துபவர்கள் வழக்கமாக நேரே மார்ட்டின் லுத்தரிடம் போய்விடுவார்கள். நான் பிள்ளைகளை முதலில் அந்தியோகியாவுக்குக் கூட்டிப்போவேன். பிறகு ஆபிரகாம். கடவுள் கொடுத்த வாக்கை ஆபிரகாம் நம்பினார், கடவுள் அவரை நீதிமானாக எண்ணினார் என்று ஆதியாகமம் 15-இல் வருகிறது. விருத்தசேதனம் வருவது 17-ஆம் அதிகாரத்தில்தான். முதலில் ஏற்பு, அடையாளமெல்லாம் பிறகு. ரோமருக்கு எழுதிய கடிதத்தில் பவுலின் வாதமே இந்த வரிசையின்மேல்தான் நிற்கிறது. சடங்கு இல்லாத நாளிலேயே ஆபிரகாமைக் கடவுள் ஏற்றுக்கொண்டார் என்றால், சடங்கு இல்லாதவர்களைப் பந்தியிலிருந்து எழுப்ப யாருக்கு உரிமை இருக்கிறது?

லுத்தருக்கு இதே உபதேசம் வேறு வாசல் வழியாக வந்தது. 1505 ஜூலையில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர் அவர். எர்ஃபுர்ட் அருகே இடி மின்னலில் மாட்டிக்கொண்டு, உயிர் பிழைத்தால் துறவியாவேன் என்று பரிசுத்த அன்னாளிடம் நேர்ந்துகொண்டார். சொன்னபடி அகுஸ்தீனியர் மடத்தில் சேர்ந்தார். உபவாசம், இரவெல்லாம் விழிப்பு, மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம். மன்னிப்புப் பெற்று வெளியே வந்ததும் சொல்ல விட்டுப்போன இன்னொரு பாவம் நினைவுக்கு வரும். அவருடைய ஆன்மிக வழிகாட்டி ஷ்டவுபிட்ஸே சலித்துப்போகும் அளவுக்கு இது நடந்தது. போதுமான அளவு செய்துவிட்டேனா என்ற கேள்விக்கு எந்த அளவும் போதவில்லை.

விட்டன்பெர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பிக்கும்போது, ரோமர் கடிதத்தின் முதல் அதிகாரத்தில் வரும் 'தேவநீதி' அவரைப் பாடாய்ப் படுத்தியது. பாவியைத் தண்டிக்கும் நீதி என்றே அதை எண்ணி அஞ்சியிருந்தார், வெறுத்தும் இருந்தார். இரவும் பகலும் யோசித்தபின், அது கடவுள் மனிதனிடம் கேட்கும் நீதி அல்ல, மனிதனுக்குக் கொடுக்கும் நீதி என்று விளங்கியது. மறுபடி பிறந்தவன்போல் உணர்ந்ததாக 1545-இல், சாவதற்கு முந்தைய வருஷம், எழுதினார். 1520-இல் வந்த 'கிறிஸ்தவனின் சுதந்திரம்' நூலில் இதைக் கிறிஸ்துவுக்கும் ஆன்மாவுக்கும் நடக்கும் கல்யாணமாகச் சொல்கிறார்: மணப்பெண்ணின் கடனெல்லாம் மாப்பிள்ளை தலையில், மாப்பிள்ளையின் சொத்தெல்லாம் மணப்பெண்ணுக்கு. விசுவாசம் அந்தக் கல்யாண மோதிரம். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. பெண்ணிடம் ஒன்றும் இல்லை என்பது தெரிந்தேதான் அவர் கைப்பிடிக்கிறார்.

அந்த நாளில் போதுமான அளவு செய்தோமா என்ற பயத்துக்கு ஒரு விலையும் இருந்தது. மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட், பதவிக்காக ரோமுக்குக் கட்டவேண்டிய பணத்தை ஃபுகர் வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். பாவத்தண்டனைக் குறைப்புச் சீட்டு விற்ற பணத்தில் பாதி அந்தக் கடனுக்கு, பாதி ரோமில் பேதுரு பேராலயம் கட்ட. ஏழைகளின் காசு அது. 1517 அக்டோபர் 31-இல் லுத்தர் 95 வாதங்களை அந்தப் பேராயருக்கே அனுப்பினார்.

பிறகு பிளவு. 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம், விசுவாசம் மட்டும் போதும் என்பதைக் கண்டித்தது. கிருபைதான் தொடக்கம் என்று அங்கேயும் ஒப்புக்கொண்டார்கள். மனிதனும் அதோடு ஒத்துழைத்து உள்ளே மாறவேண்டும் என்றார்கள். ஏறக்குறைய 450 வருஷம் கழித்து, 1999 அக்டோபர் 31-இல், கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக சம்மேளனமும் இந்த உபதேசத்தின் அடிப்படைகளில் ஒன்றுபடுவதாகக் கையெழுத்திட்டன. இடம் ஆக்ஸ்புர்க் நகரத்தின் அன்னாள் ஆலயம். 1518-இல் கர்தினால் கயத்தானின் விசாரணைக்கு வந்த லுத்தர் அந்த ஆலயத்தை ஒட்டிய மடத்தில்தான் தங்கியிருந்தார்.

வகுப்பில் ஒரு பிள்ளையாவது கேட்காமல் இருக்காது: "அப்போ எப்படி வேணும்னாலும் இருக்கலாமா டீச்சர்?" ரோமில் இருந்தவர்கள் கேட்கக்கூடும் என்று பவுலே எதிர்பார்த்த கேள்வி இது. 1530-இன் ஆக்ஸ்புர்க் அறிக்கை 4-ஆம் பிரிவில் இந்த உபதேசத்தை வைத்துவிட்டு, 6-ஆம் பிரிவிலேயே விசுவாசம் நற்செயல்களைப் பிறப்பிக்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறது. கடவுளிடம் பெயர் வாங்குவதற்கு உங்கள் தர்மம் தேவையில்லை என்றால், அது முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்ச் சேரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

நம் மண்ணில் அது போய்ச் சேர்ந்ததா? 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க் இந்த உபதேசத்தைத்தான் கொண்டுவந்தார். 1718-இல் அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்திலோ சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1833-இல் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரும் எதிர்ப்பு. அப்படி மனம் கசந்தவர்களில் பலர் பின்னர் லைப்சிக் மிஷனில், அதாவது எங்கள் லுத்தரன் சபையில், வந்து சேர்ந்தார்கள். சாதி விஷயத்தில் அந்த மிஷன் விட்டுக்கொடுத்துப் போனது.

என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லுத்தரின் சிறு ஞானோபதேசத்தில், கிறிஸ்து தன்னை மீட்டுக்கொண்டதைச் சொல்லும் பகுதி முழுவதும் மனப்பாடம். அதைச் சொல்லும்போது அவருடைய குரல் நிமிர்ந்துவிடும். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் அவர்கள் ஊர் ஆலயத்தில் முன்னால் இருப்பவர்களுக்குப் பாய், பின்னால் அவருடைய சனங்களுக்கு வெறுந்தரை. திருவிருந்துக் கிண்ணம் கடைசியில்தான் அவர்களிடம் வரும். இலவசமாகக் கிடைத்த கிருபையை அளந்து ஊற்றியவர்களும் அதே ஞானோபதேசத்தைத்தான் சொன்னார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. சாதிக்கொரு பகுதியாகச் சுவர் வைத்த கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் வருகிறது. தன் பிறப்பைக் கடவுளுக்கு முன்னால் கணக்கில் வைக்கிறவர் விசுவாசத்தால் 'மட்டுமே' என்று எப்படிச் சொல்லமுடியும்?

சீர்திருத்தத் திருநாளில் லுத்தரின் துணிச்சலைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். 1833-ஐப் பற்றியும், அதற்குப் பின் நாங்கள் யாருக்குக் கதவு திறந்தோம் என்பதைப் பற்றியும் ஒன்றுகூடக் கேட்டதில்லை. இந்த வருஷம் அதைப் பேசவேண்டும் என்று எங்கள் சபைப் போதகரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். அன்றைய வேதபாடம் கலாத்தியர் 2. வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள்.