கடலும் கதிரவனும் – 7: உப்பின் குறுக்கீடு

டோக்கியோ சர்வகலாசாலையில் ஹோண்டா கெனிச்சியிடம் ஆராய்ச்சி மாணவராயிருந்த பூஜிஷிமா அகிரா, 1967-ஆம் ஆண்டில், நீரில் அமிழ்த்திய டைட்டேனியம் டையாக்ஸைடு ஸ்படிகத்தின் மீது ஸெனான் விளக்கின் ஒளியைப் பாய்ச்சியபோது அதன்மேல் குமிழிகள் அரும்பியதையும், விளக்கை அணைத்த மாத்திரத்தில் அவை அடங்கியதையும் சென்ற வாரம் கண்டோம். 1972-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் பிரசுரமான, ஒளியே நீரைப் பிளந்த அந்த அதிசயம் நிகழ்ந்தது பக்குவம் செய்த நீரிலேயன்றிச் சமுத்திர ஜலத்தில் அன்று.

ஒளிபட்ட ஸ்படிகத்தில் எலெக்ட்ரான் ஒன்று தன் ஸ்தானத்தை விட்டெழுந்து ஹைட்ரஜனைப் பிறப்பிக்கப் போய்விட, அது காலி செய்த இடத்துக்கு நீர் தன் எலெக்ட்ரானைக் கொடுத்துப் பிராணவாயுவை விடுவிக்க வேண்டும். கடலிலோ, கொடுப்பதற்கு உப்பிலுள்ள குளோரைடும் கூடவே காத்திருக்கிறது. கணக்குப்படி நீருக்கு 1.23 வோல்ட்டும் குளோரைடுக்கு 1.36 வோல்ட்டும் வேண்டியிருப்பதால் நீரே முந்த வேண்டும். ஆயினும், ஒரு பிராணவாயு மூலக்கூறு உருவாக நான்கு எலெக்ட்ரான்கள் கழல வேண்டியிருக்க, குளோரினுக்கு இரண்டே போதுமாகையால், நடைமுறையில் அதன் காரியம் சுலபமாகிவிடுகிறது.

இதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடித் தம்ளரில் கடல் நீரை ஊற்றி, இரு முனையும் சீவிய இரண்டு பென்சில்களை அதில் நட்டு, 9 வோல்ட் பாட்டரியுடன் இணைத்துப் பார்த்தேன். சில நிமிஷங்களில் ஒரு பென்சிலிலிருந்து, தண்ணீர்த் தொட்டி கழுவும் நாளில் வீடெல்லாம் வீசுமே, அந்தப் பிளீச்சிங் பவுடர் நெடி எழுந்தது. எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டேன். மற்றப் பென்சிலைச் சுற்றி, அரிசி களைந்த கழுநீர்போல் வெண்மை கலங்கிற்று. கடலிலுள்ள மக்னீஷியம் ஹைட்ராக்ஸைடாகப் படிவதுதான் அது. ஒளியை ஏற்று நீரைப் பிளக்கும் ஸ்படிகமாகிய கிரியாஊக்கியின் மீதும் இவ்வாறே பூசிக்கொண்டால் ஒளியும் நீரும் அதை அணுகுவது எங்ஙனம்?

உப்பை முதலிலேயே நீக்கிவிடலாகாதா என்று கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 கிலோ நீர் போதும். ஒரு கன மீட்டர் கடல் நீரை நன்னீராக்க 3 அல்லது 4 யூனிட் மின்சாரம் ஆகிறதென்றால், இந்த ஒன்பது லிட்டருக்கு ஆவது, அந்த ஹைட்ரஜன் தாங்கும் சுமார் 33 யூனிட் சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கே. இக்கணக்கைப் போட்டபின், கடலையே நேராகப் பிளந்துவிட்டதாக முழங்கும் செய்திகளை நான் சற்று நிதானமாகவே வாசிக்கிறேன். மெய்யான தடை வேறிடத்தில் இருக்கிறது. டோமென் கஸுனாரியின் குழுவினர் ஜப்பானில் 100 சதுர மீட்டர் பரப்பில் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் தகடுகளை வெயிலில் விரித்து நடத்தி, 2021-இல் வெளியிட்ட பரிசோதனையில், உப்பின் தொல்லை இல்லாதிருந்தும், சூரிய சக்தியில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவிகிதம். அப்பொருள் புற ஊதாக் கிரணங்களை மட்டுமே ஏற்கும். வெயிலில் அவை நூற்றில் நான்கைந்து பங்குதான்.

எஞ்சிய தொண்ணூற்றைந்தும் வீண்தானா? கேம்பிரிட்ஜில் எர்வின் ரைஸ்னரின் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நீரில் மிதக்கும் கரிவலையின்மேல் அதே டைட்டனேட்டைப் பூசினார்கள். புற ஊதா ஒளியை மேற்பூச்சு எடுத்துக்கொள்ள, மிச்ச வெயிலால் சூடேறிய கரி அடியிலுள்ள நீரை ஆவியாக்க, கிரியாஊக்கியை எட்டியது அந்த ஆவி மட்டுமே. உப்பும் அழுக்கும் கீழேயே நின்றுவிட்டன. கடல் நீரில் மட்டுமன்றி, ஊர் நடுவே ஓடும் கேம் நதியின் நீரிலும் அது ஹைட்ரஜனைத் தந்தது.