புல்லட் எந்த நாட்டு வண்டி?

ராயல் என்ஃபீல்டு, ட்ரையம்ஃப், நார்ட்டன் மூன்றும் இங்கிலாந்தில் பிறந்த பெயர்கள். இன்று ராயல் என்ஃபீல்டு சென்னைப் புறநகரில் தயாராகிறது. அதன் முதலாளியும் இந்திய நிறுவனம்தான். ட்ரையம்ஃப் இன்னமும் ஆங்கிலேயர் கையில் இருக்கிறது. ஆனால் நம் சாலைகளில் ஓடும் அதன் ஸ்பீடு 400, புணேவை அடுத்த சாக்கனில் உள்ள பஜாஜ் ஆலையில் உருவாவது. நார்ட்டன் கதை இதற்கு நேர்மாறு: ஆலை இங்கிலாந்தின் சோலிஹல்லில், உரிமை 2020 முதல் நம்ம ஓசூர் டிவிஎஸ்ஸிடம்.

இவற்றில் உள்நாட்டு வண்டி எது என்று கேட்டால், கேள்வியையே பிரிக்க வேண்டியிருக்கிறது. பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. பொருளை யார் கைகள் எங்கே செய்கின்றன என்பது இன்னொன்று. லாபம் யாருக்குப் போகிறது என்பது வேறொன்று. ஒரு காலத்தில் இவை மூன்றும் பெரும்பாலும் ஒரே ஊரில் இருந்தன. இப்போது அப்படி இருப்பதுதான் அபூர்வம்.

எப்படிப் பிரிந்தன என்பதை ராயல் என்ஃபீல்டின் புல்லட்டை வைத்தே பார்த்துவிடலாம். ராயல் என்ஃபீல்டு தன் முதல் மோட்டார் சைக்கிளை 1901-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் செய்தது. ஐம்பதுகளில் நம் ராணுவம் எல்லை ரோந்துக்காக 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. அதைத் தொடர்ந்து 1955-இல் ராயல் என்ஃபீல்டு, மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை உருவாக்கியது. தொடக்கத்தில் நடந்தது உற்பத்தி அல்ல, பூட்டுவேலை: ரெட்டிச்சிலிருந்து கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் கோத்தார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாக இங்கேயே வார்க்கவும் கடையவும் கற்றுக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் உள்நாட்டிலேயே தயாரானது.

வேடிக்கை அதன் பிறகுதான். 1970 வாக்கில் தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் வண்டி செய்வதையே நிறுத்திவிட்டது. திருவொற்றியூர் மட்டும் அதே பழைய வடிவத்தைச் செய்துகொண்டே இருந்தது. 1977-இல் மெட்ராஸ் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. தங்கள் ஊர் வண்டியை அங்கிருந்த ரசிகர்கள் இறக்குமதிச் சரக்காக வாங்கினார்கள்! 1994-இல் ஐஷர் குழுமம் நிறுவனத்தைக் கையில் எடுத்தது. (அந்த ‘ஐஷர்’ என்பதும் ஒரு ஜெர்மன் டிராக்டர் கம்பெனியின் பெயர்தான்.)

வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே வந்து செய்வதற்குப் பாசம் காரணமில்லை, சுங்க வரிதான் காரணம். முழு வண்டியாக இறக்கினால் வரி அதிகம், பாதி பூட்டியதாக வந்தால் அதைவிடக் குறைவு, உதிரிகளாகப் பெட்டியில் வந்தால் இன்னும் குறைவு. 1600 சிசிக்கு உட்பட்ட முழு பைக்குக்கு 50 விழுக்காடாக இருந்த வரியை 2025 பட்ஜெட் 40 ஆக்கியது. உதிரிகளாக வருவதற்கு 15-இலிருந்து 10. இந்த இடைவெளி இருக்கும்வரை இங்கே ஒரு கொட்டகை போட்டுப் பூட்டுவது லாபம். ஆனால் பூட்டுவதையும் செய்வதையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. பூட்டும் இடத்தில் வேலை கொஞ்சம், கற்றுக்கொள்வதும் கொஞ்சம். அக்கம்பக்கத்தில் வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் முளைப்பது, பாகங்களையும் இங்கேயே செய்யும்போதுதான்.

இறக்குமதி என்பதிலும் ஏமாற இடமுண்டு. ட்ரையம்ஃபின் பெரிய வண்டிகளில் பெரும்பகுதி தாய்லாந்தின் சோன்புரியில் தயாராகிறது. ‘இங்கிலாந்து வண்டி’ என்று பெருமையாக ஏறி உட்காருபவர் தாய்லாந்துத் தொழிலாளியின் கைவேலையில் உட்கார்ந்திருக்கலாம். அதில் குறையொன்றும் இல்லை, பெருமை மட்டும் விலாசம் மாறிப் போகிறது.

அப்படியானால் பிராண்ட் மீது வரும் பற்று எதன் மீது வருகிறது? நாட்டின் மீது இல்லை என்றே நான் நினைக்கிறேன். புல்லட்டின் ரசிகர் கூட்டம் உருவானது, தொழிலுக்கும் இறக்குமதிக்கும் அரசு பெர்மிட் தேவைப்பட்ட காலத்தில். வெளிநாட்டு வண்டி வர வழியில்லை. கடையில் இருந்தவை என்ஃபீல்டு, ஜாவா, ராஜ்தூத் போன்ற சிலதான். எண்பதுகளின் நடுவில் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் 100-உம் வந்ததும் நிறையப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பாசம் வேறு, ஆபீஸ் போக மைலேஜ் வேறு.

எஞ்சியவர்கள் பிடித்துக்கொண்டது சில குணங்களை: அந்த ‘டப் டப்’ சத்தம், வலது காலில் கியர், ஆம்பியர் முள்ளைப் பார்த்து டிகம்ப்ரஷன் லீவரை அழுத்தி உதைக்கும் முறை. பின்னாளில் கியர் இடது காலுக்கு மாறி, காஸ்ட் அயர்ன் இன்ஜின் போய்ப் புது இன்ஜின் வந்தபோது, “இது புல்லட்டே இல்லை” என்றார்கள். அதே கம்பெனி, அதே சென்னை, அதே பெயர். அதோடு, ஆயில் ஒழுகாத இன்ஜின். இருந்தும் பழைய காஸ்ட் அயர்ன் வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த நாட்டு வண்டி என்பதைவிடச் சாதாரணமானது. கிளட்ச் கேபிளோ பிரேக் பேடோ போனால் எத்தனை நாளில் கிடைக்கும், எங்கிருந்து வரும் என்று சர்வீஸ் பிரிவில் விசாரியுங்கள். விற்பனைப் பிரிவில் வேண்டாம், அங்கே எல்லாமே நாளைக்கே வந்துவிடும்.