பீரங்கிப் பட்டறையில் தொடங்கிய சபை

திருச்சி உறையூரில் ‘மெதடிஸ்ட்’ என்னும் பெயரைத் தாங்கிய பள்ளிகள் இன்றும் உள்ளன. அந்தச் சபையின் ஆலயங்களோ 1947 செப்டம்பர் 27 முதல் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களாக விளங்குகின்றன. பெயர் மாறினும் மாறாத வழக்கம் ஒன்று அச்சபைக்கு உண்டு. நோயுற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிய வேண்டிய வரலாறு அது.

1716-இல் இலண்டனில் பீரங்கி வார்க்கும் பட்டறை ஒன்று வெடித்துச் சிதைந்தது. பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்த அக்கட்டடத்தை 1739-இல் ஜான் வெஸ்லி 115 பவுனுக்கு வாங்கி, வழிபாட்டு இடமாக்கினார். அதே கூரையின்கீழ் 1746 இறுதியில் ஏழைகளுக்கான இலவச மருந்தகத்தையும் திறந்தார். ஓர் அறுவை மருத்துவரும் மருந்து கலப்பவர் ஒருவரும் துணைநின்றனர். கடினமான நோய்களைத் தேர்ந்த மருத்துவரிடமே விட்டுவிட வேண்டும் என்று வெஸ்லி தமக்கு வரம்பு வகுத்துக்கொண்டார். ஐந்தே மாதங்களில் 500-க்கும் மேற்பட்டோர் அங்கு மருந்து பெற்றனர்.

நோயாளரைச் சந்திப்பதற்கென்றே சபையில் சிலர் நியமிக்கப்பட்டனர். தம் பகுதியிலுள்ள ஒவ்வொரு நோயாளரையும் அவர்கள் வாரம் மும்முறை கண்டு, உடல்நிலையையும் தேவைகளையும் விசாரிக்க வேண்டும். 1778-இல் சபை அருகிலேயே புதிய ஆலயத்திற்குக் குடிபெயர்ந்தது. பட்டறை கைவிடப்பட்டது, வழக்கம் கைவிடப்படவில்லை.

அச்சபை தமிழ் மண்ணை அடைந்த பயணமும் துயரம் கலந்ததே. 1813 இறுதியில் தாமஸ் கோக் என்னும் முதிய போதகர் ஆறு இளம் ஊழியருடன் இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3 அன்று, தம் 66-ஆம் வயதில், கரை காணாமலே கடலில் மறைந்தார். எஞ்சியோருள் பெரும்பாலோர் ஜூன் 29 அன்று காலியில் இறங்கினர். அவர்களுள் வில்லியம் ஆல்ட் தம் மனைவியைக் கடற்பயணத்திலேயே இழந்தவர். தனியராக மட்டக்களப்பை அடைந்த அவர் பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள், 1815 ஏப்ரலில், காலமானார். 1814-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்ட மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நடைபெறுகிறது.

யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் லிஞ்ச், 1817-இல் சென்னைக்கு வந்தார். அங்கு ஒரு சிறு குழுவினர் ஏற்கெனவே கூடி ஜெபித்துவந்தனர். ஆலயம் பின்னரே எழுந்தது: 1819-இல் இராயப்பேட்டையிலும், 1822-இல் பிராட்வேயிலும். அதன்பின் நாகப்பட்டினம், மன்னார்குடி, திருச்சி, கரூர் எனக் காவிரி நாடெங்கும் சபைகள் தோன்றின. 1947-இல் ஆங்கிலிக்கன் சபையாரும் மெதடிஸ்ட் சபையாரும் திருச்சி–தஞ்சை திருமண்டலத்தில் ஒரே குடும்பமாயினர்.

கோக் கரையைக் காணவில்லை. ஆல்ட் தாம் விதைத்ததன் விளைவைக் காணவில்லை. ஆயினும் அவர்கள் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். ஆலயங்கள் இடம் மாறின, பெயர் மாறின. நோயாளரைத் தேடிச் செல்லும் அந்தப் பழைய வழக்கத்திற்கு மட்டும் கட்டடம் தேவைப்படவில்லை, இனியும் தேவைப்படாது. உங்கள் வார்டில், யாரும் பார்க்க வராத ஒருவர் அடுத்த படுக்கையில் இருக்கக்கூடும். இன்று மாலை அவரிடம் நலம் விசாரியுங்கள்.