பால்சா மரத்தில் ஒரு வானூர்தி

வானொலி அலைகளால் இயக்கப்படும் மாதிரி விமானத்தை நம் கைகளாலேயே செய்யலாம். அதற்குரிய பால்சா மரம் எக்குவடோர் நாட்டில் மிகுதியாக விளைவது. தக்கையைப் போல் இலேசானது. 1947இல் தோர் ஹெயர்டால் குழுவினர் பெருவிலிருந்து பொலினீசியா வரை சென்ற ‘கோன்-டிக்கி’ தெப்பமும் இம்மரத்தால் ஆனதே.

முதலில் வரைபடத்தைச் சமமான பலகைமேல் விரித்து, பசை ஒட்டாதிருக்கப் பிளாஸ்டிக் தாளால் மூடுக. சிறகின் சட்டங்களைக் குண்டூசியால் நிறுத்தி, அளவாகப் பசையிடுக. மழுங்கிய கத்தி பால்சாவை நசுக்கிவிடும். கூர்மையின் அருமையைப் பால்மரம் சீவும் பெற்றோர் நன்கறிவர். பசை காயுமுன் எடுத்தால் சிறகு முறுக்கிக்கொள்ளும்.

கையிலுள்ள கருவி அனுப்பும் குறிப்பை விமானத்திலுள்ள ஏற்பி பெறும். உடனே ‘சர்வோ’ என்னும் சிறுபொறி கம்பியை அசைத்து வாற்சுக்கானைத் திருப்பும்.

பறக்கவிடுமுன் சமநிலையைச் சோதித்தல் இன்றியமையாதது. வரைபடம் குறித்த இடத்தில் சிறகுகளை இரு விரல்களால் தாங்குக. பெரும்பாலும் அது முன்விளிம்பிலிருந்து சிறகின் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றிலொரு பங்குக்கும் இடையே அமையும். வால் தாழ்ந்தால் மின்கலத்தை முன்னே நகர்த்துக. வால் கனத்த விமானம் மூக்கை உயர்த்தி, வேகமிழந்து விழும். பல வார உழைப்பு நொடியில் நொறுங்கும்.

மின்கம்பிகளற்ற திடலில், பெரியோர் துணையுடன் பறக்கவிடுங்கள். பொறுமையுடன் அளந்து செய்தோர் விமானமே நலமாய்த் தரையிறங்கும்.