எந்த ஏரியா, சார்?
ஊர் உருவான கதை – 7

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. அதன் முனையில் நின்றுகொண்டு ஓர் ஆட்டோக்காரரிடம், "இங்கே ஏரி எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். "எந்த ஏரியா சார் போகணும்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றே ஓர் இடம் உண்டு. அங்கேயும் ஏரி போய்விட்டது, ஏரியாதான் மிச்சம். பக்கத்திலேயே டேங்க் பண்ட் ரோடு. அங்கே கரையும் கிடையாது.

இந்த மூன்று பெயர்களும் ஒரே ஏரியைச் சொல்பவை. நூறு வருஷத்துக்கு முந்தைய சென்னை வரைபடத்தில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை அது நீண்டு கிடக்கும். வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். வடக்குப் பகுதி நுங்கம்பாக்கம் ஏரி, தெற்குப் பகுதி மயிலாப்பூர் ஏரி.

மயிலாப்பூர் எங்கே, மாம்பலம் எங்கே? ஏரிக்கு ஏன் அந்தப் பெயர்? தொண்டை மண்டலத்து ஏரியின் அமைப்பு தெரிந்தால் விடை கிடைக்கும். நிலம் மேற்கிலிருந்து கடலை நோக்கிச் சரிகிறது. சரிவின் குறுக்கே கிழக்குப் பக்கம் கரை போட்டால் போதும், ஐப்பசி கார்த்திகை மழை தானாக வந்து தேங்கும். மதகைத் திறந்தால் கரைக்குக் கிழக்கே இருக்கிற வயலுக்குப் பாயும். தண்ணீர் நிற்பது மாம்பலத்து வாசலில், அதைக் குடிப்பது கிழக்கே மயிலாப்பூர்ப் பக்கத்து நிலம். பாய்ந்த ஊரின் பெயரே ஏரிக்கு நின்றது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அந்த வயல்கள்தான் முதலில் போயின. கம்பெனி காலத்திலிருந்தே கோட்டைக்குள் புழுங்கிய துரைமார்களும் அவர்களுடைய துபாஷிகளும் மவுண்ட் ரோட்டின் இரு பக்கமும் தோட்ட வீடு கட்டிக்கொண்டார்கள். நெல் விளைந்த இடத்தில் புல்தரை வந்தது. ஆயக்கட்டு சுருங்கச் சுருங்க, மதகுக்கு வேலை குறைந்தது. 1890களில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் இந்த ஏரியில் படகுப் போட்டி நடத்தினார்கள். பயிருக்கென்று தேக்கிய தண்ணீர் வேடிக்கைக்கு ஆகிவிட்டால் ஓர் ஏரிக்கு நாள் எண்ணத் தொடங்கலாம். ஏரியைத் தூர்த்தவர்களைத் திட்டுகிற நாம், அதற்கு முன்பே அதன் வயலைத் தின்றவர்களை ஒன்றும் சொல்வதில்லை.

1921 ஜனத்தொகைக் கணக்குப்படி சென்னையில் சுமார் ஐந்தேகால் லட்சம் பேர். மாகாணத்தில் அந்தக் கணக்கெடுப்பை நடத்திய அதிகாரி ஜி.டி. போக். அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. நீதிக்கட்சி அரசாங்கமும் அப்போதுதான் அமைந்தது. ஜார்ஜ் டவுனும் திருவல்லிக்கேணியும் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, மேற்கே செங்கல்பட்டு மாவட்டத்து மாம்பலத்தில் வயலும் தோப்பும் சும்மா கிடக்கும் ஓர் ஏரியும். 1920களில் ஏரியைத் தூர்த்து, வயலை மனையாக்கி, புது நகர் போட்டார்கள். 1925இல் காலமான நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் அது தியாகராய நகர், சுருக்கமாகத் தி.நகர், ஆனது. நடுவில் முதலமைச்சர் பனகல் ராஜா பெயரில் பூங்கா, அதைச் சுற்றிச் சாலைகள். உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, தணிகாசலம் ரோடு, நடேசன் பெயரில் ஒரு பூங்கா, சௌந்தரபாண்டியன் பெயரில் பாண்டி பஜார். நீதிக்கட்சியின் வருகைப் பதிவேட்டைத் தரையில் விரித்து வைத்த மாதிரி இருக்கும். தலை எண்ணிய போக் துரைக்கும் ஒரு ரோடு கிடைத்தது. அந்த ரோட்டில் வாழ்ந்த நடிகர் சிவாஜி கணேசன் பெயரில் அதை இன்று மாற்றிவிட்டார்கள்.

வயல் முழுக்க அழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சென்னைக்காரர் இன்றும் மனையை கிரவுண்டு கணக்கில்தான் பேசுகிறார். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஏன் 2,400? இந்தச் சீமையில் நிலத்தைக் காணி கணக்கில் அளந்தார்கள். ஒரு காணிக்கு 24 மனை, அதாவது 57,600 சதுர அடி. ஏக்கரில் சொன்னால் ஒன்றேகாலுக்குச் சற்று மேல். அந்த மனைதான் கிரவுண்டு. தி.நகரில் அரை கிரவுண்டு வாங்க ஆயுசு முழுக்கச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறதே, அது காணியில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.

1928இல் நல்லி பட்டுக் கடை வந்தது, 1931இல் பீச்–தாம்பரம் மின்சார ரயில் வந்தது. அப்புறம் நடந்ததை ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறன்று போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ரயில் பாதைக்கு மேற்கே இருந்தவர்களுக்கு மட்டும் பட்டுக்கு முன்னால் கொசு வந்தது. வடக்கே மிஞ்சிய ஏரிப் பள்ளத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. அதன் கல் தேர் நிலைகொண்டிருப்பது ஏரிக்குள்.

மாம்பலம் கால்வாய் அந்தப் பக்கமிருந்து தி.நகர் வழியாக அடையாற்றுக்குப் போகிறது. 2021 நவம்பரில், கோடிகள் கொட்டிச் செப்பனிட்ட சாலைகளில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது, கால்வாயில் கொட்டிய கட்டட இடிபாட்டைக் காரணம் காட்டினார்கள். அதுவும் காரணம்தான். ஆனால் தேங்குவதற்கென்றே முன்னோர் தேர்ந்தெடுத்த பள்ளம் அது.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மேற்கே மேகம் கறுத்திருந்தது. துரைசாமி சப்வே பக்கம் வண்டியைத் திருப்பியவர் கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் போயிடணும் சார். மழை பிடிச்சா இந்தப் பக்கமே வர மாட்டேன். ஏரி மாதிரி ஆயிடும்."

(தொடரும்)